களிமண் பலகையின் பின்பக்கம்

அயல்மொழி படிக்கலாம் வாங்க – 9

டெர், டீ, டாஸ் என்று ஜெர்மன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் பார்த்துக் களைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அதற்கு முந்தைய வாரம் சொல் அட்டைகள். இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும்.

வாசித்துப் பொருள் கொள்வதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு பக்கத்தில் எத்தனை தெரியாத சொற்கள் வரை தாங்கும், எத்தனையைத் தாண்டினால் புத்தகத்தை மூடிவிடுவோம் என்கிற கணக்கு. குறிப்புகள் தயார். அதற்கு நாலு வரி முன்னுரை தேடப்போன இடத்தில், 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய வகுப்பறை ஒன்றில் மாட்டிக்கொண்டேன். கட்டுரை எங்கே என்று அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. இருந்தாலும் அந்த வகுப்பைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

இடம் நிப்பூர். இன்றைய தெற்கு இராக். காலம் கி.மு. 1740களை ஒட்டியது; ஹம்முராபியின் மகன் சம்சுஇலுனாவின் ஆட்சி. பிள்ளைகள் வீட்டில் பேசியது அக்காதியம். அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவு மொழி. பள்ளியில் படித்ததோ சுமேரியம். அதற்குள் அது யாருக்கும் தாய்மொழியாக இல்லாமல் போயிருந்தது. ஆனாலும் எழுத்தர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் சுமேரியம் தெரிந்தே ஆக வேண்டும். அக்காதியத்துக்கும் சுமேரியத்துக்கும் குடும்ப உறவு கிடையாது. இலக்கணமும் அடியோடு வேறு. (சுமேரியமும் தமிழைப் போல ஒட்டுக்களைக் கோத்துக்கொண்டே போகும் மொழிதான். அதை வைத்து இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று எழுதக் காத்திருக்கும் வாசகர்களுக்கு: துருக்கியமும் ஜப்பானியமும்கூட அப்படித்தான் கோக்கின்றன. உறவு இதுவரை நிறுவப்படவில்லை. கடிதங்களை வேறு விஷயத்துக்குச் சேமித்து வையுங்கள்.)

1951-52இல் அமெரிக்க அகழ்வாய்வாளர்கள் அங்கே ஒரு மண்வீட்டைத் தோண்டினார்கள். ‘எஃப் வீடு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அளவு சுமார் 45 சதுர மீட்டர், அதாவது 500 சதுர அடிக்கும் குறைவு. அதிலிருந்து ஏறத்தாழ 1,400 பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. பாதியளவு தொடக்கநிலைப் பயிற்சிகள்; மீதியில் பெரும்பகுதி இலக்கியம். எழுதி முடித்த பலகைகளை ஊறவைத்துப் பிசைந்து புதுப் பலகை செய்ய, உள்ளே கீல் பூசிய தொட்டி இருந்தது. தொட்டிக்குப் போகாத பலகைகள் தரைக்கும் சுவருக்கும் கட்டுமானப் பொருளாகப் போயின. அதனால்தான் நமக்குக் கிடைத்தன. வீட்டுப்பாடம் இத்தனை காலம் நிலைத்த வேறு ஊர் எனக்குத் தெரியாது.

பாடத்திட்டம் இப்படி: முதலில் அசைகள். து-தா-தி, நு-நா-நி, பு-பா-பி என்று வாய்விட்டுச் சொல்லி, குத்தி எழுதிப் பழக வேண்டும். அடுத்து ஆட்பெயர்கள். அதன்பின் பொருள்வாரியான சொற்பட்டியல்கள்: மரங்களும் மரச்சாமான்களும் முதலில், பிறகு நாணல், பானை, தோல், உலோகம், விலங்கு, இறைச்சி, கல், செடி, மீன், பறவை, துணி, ஊர்கள், விண்மீன்கள், கடைசியில் உணவு. மரப்பட்டியலின் முதல் சொல் ‘தஸ்கரின்’ என்றொரு மரம். நம் சூடாமணி நிகண்டு தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போவதை அறிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு வியப்பைத் தராது. வியப்பு வேறிடத்தில்: பட்டியல்களில் சுமேரியச் சொல் மட்டுமே இருந்தது. அக்காதியப் பொருளை ஆசிரியர் வாயால் சொல்ல, மாணவன் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்களும் வாய்பாடும் முடிந்த பிறகே, மாதிரி ஒப்பந்தங்களிலும் பழமொழிகளிலும், முழு வாக்கியம் ஒன்றைப் பிள்ளை கண்ணால் பார்த்தான்.

இலக்கணப் பயிற்சியும் இருந்தது. அதே காலத்து வேறு சில பலகைகளில் ‘வை’ என்னும் வினையை எடுத்துக்கொண்டு வை, வைக்கட்டும், அவனுக்கு வை, எனக்கு வை என்று ஒரு பத்தியில் சுமேரியம், எதிரே அக்காதியம், வரிக்கு வரி. ஜெர்மன் வகுப்பில் வினைவாய்பாடு பார்த்து அலுத்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

இனி என்னைப் பிடித்துவைத்த விஷயம். மிகெல் சிவில் என்ற அறிஞர் இந்தப் பள்ளிப் பலகைகளை வடிவத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார். நான்காம் வகை உள்ளங்கையில் அடங்கும் வட்டம், ஓட்டையில்லாத மெதுவடை மாதிரி. கவனிக்க வேண்டியது இரண்டாம் வகை. அதன் முன்பக்கத்தில் இடப்புறம் ஆசிரியர் அழகாக எழுதிய சில வரிகள். வலப்புறம் மாணவனின் நகல். எழுதுவான், சுரண்டி வழிப்பான், மறுபடி எழுதுவான். சுரண்டிச் சுரண்டிப் பலகையின் வலப்பக்கம் மெலிந்தே போயிருக்கும். இன்றைய பாடம் அது.

பலகையைத் திருப்பினால் வேறு பாடம்! முன்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரி என்றால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக நீண்ட பகுதி. எப்போதோ படித்து முடித்த பழைய பட்டியலை நினைவிலிருந்து எழுதிக் காட்டியது அது என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். புதுப்பாடமும் பழைய பாடமும் ஒரே பலகையில், முதுகோடு முதுகாக.

இதை வைத்து நெதர்லாந்துக்காரரான நீக் வெல்ட்ஹவுஸ் 1997இல் தம் முனைவர் ஆய்வேட்டில் ஒரு துப்பறியும் வேலை செய்தார். பின்பக்கத்துப் பாடம் முன்பக்கத்துப் பாடத்துக்கு முந்தியது என்றால், எந்த முன்பக்கத்தோடு எந்தப் பின்பக்கம் சேர்ந்து வருகிறது என்று எண்ணினாலே பாடங்களின் வரிசை வந்துவிடும் அல்லவா? வந்தது. மேலே நான் அடுக்கிய பாடத்திட்டத்தைக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. பலகைகளின் முன்னும் பின்னும்தான் சொல்லின.

பழைய பாடத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கும் அந்தப் பின்பக்க ஏற்பாட்டின் அருமையை அளந்து பார்க்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், மாணவர்களில் ஒரு குழுவை ஒரே உரைநடைப் பகுதியை நான்கு வேளை படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு வேளை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களிடம் தங்கியிருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61. தேர்வுக்கு முந்தின இரவு எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதும், அடுத்த வாரம் துடைத்துப் போட்டது போல மறப்பதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை. நம்மில் பலரும் அயல்மொழியைப் பலகையின் முன்பக்கத்தில் மட்டுமே படிக்கிறோம்.

நிப்பூரைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். அந்தக் காலத்துப் பள்ளிக்கதை ஒன்று சாமுவேல் நோவா கிரேமர் 1949இல் வெளியிட்ட பிறகு பெயர் பெற்றது. அதில் வரும் பையன் ஒரே நாளில் பலரிடம் அடி வாங்குகிறான். எழுந்து நின்றதற்கு ஓர் அடி, கையெழுத்துக்கு ஓர் அடி. சுமேரியத்துக்குப் பொறுப்பானவர் அடித்தது அவன் அக்காதியம் பேசியதற்காக! வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் என்று எழுதி மாட்டிய ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தப் பையன் சொந்தக்காரன். அப்பா ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்து, புதுத்துணி உடுத்தி, மோதிரம் போட்டு அனுப்பிய பிறகு அவனுடைய திறமை சட்டென்று கூடிவிடுகிறது. நிப்பூரில் கிடைத்த ஒரு பலகையில் பல் பதிந்த தடமும் இருக்கிறது; பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கடி. எந்தப் பாடம் கடிக்க வைத்ததோ!

இந்த அடிக்கும் கடிக்கும் நடுவே வாசிப்பு எப்போது வந்தது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். இலக்கியப் பாடம் எழுதிய சில பலகைகளில் சுமேரியச் சொல்லுக்கு அடியில் பொடி எழுத்தில் அக்காதியப் பொருள் குறித்திருக்கிறது. அவ்வளவு பட்டியலை மனப்பாடம் செய்தவனுக்கும் பாட்டில் அதே சொல் வரும்போது பொருள் குறிக்க வேண்டியிருந்திருக்கிறது. பட்டியலில் தெரிந்த சொல்லும் வாக்கியத்தில் தெரிந்த சொல்லும் ஒன்றல்ல. நம் தெரியாத சொல் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை வகுப்பறையில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் 1920களில் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலம் பேசத் தேவைப்படாத வங்காளப் பிள்ளைக்கு எதற்குப் பேச்சுப் பயிற்சி, முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வாதாடியவர். அவர் புத்தகங்களில் புதுச்சொற்களை எப்படி அளந்து விட்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். வழியில் வேறு பலகை எதுவும் தட்டுப்படாவிட்டால்.

அதுவரை வீட்டுப்பாடம்: இன்று படிக்கும் புதுப்பாடத்தின் தாளைத் திருப்பி, போன மாதத்துப் பாடத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். தாளைக் கடிக்க வேண்டாம்.

(தொடரும்)