இளநரையை வீட்டிலேயே மறைக்கலாம்... பாக்கெட்டைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்!

தலைவாரும்போது வகிட்டில் பளிச்சென்று ஒரு வெள்ளை முடி. வயதோ 22. அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை வந்துவிடும். பாட்டி கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சலாம் என்பார். அம்மா மருதாணி அரைக்கச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா, 'அரை மணி நேரத்துல கறுப்பாயிடும்' என்று ஒரு சின்ன பாக்கெட்டை நீட்டுவார். பெண் பார்க்க வருகிறார்கள், வேலைக்கு இன்டர்வியூ என்று ஏதாவது ஒரு தேதி நெருங்கிவிட்டால், அந்த பாக்கெட்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு 25 வயதுக்கு முன் முடி வெளுத்தால் அதை இளநரை என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். முடியின் வேரில் இருக்கும் செல்கள் மெலனின் என்ற நிறமியைத் தயாரிப்பதை நிறுத்துவதால் இது நடக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சீக்கிரம் நரைத்திருந்தால், பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். வைட்டமின் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இளநரையோடு தொடர்பு உண்டு. முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாதவர்கள் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறைபாடு தெரிந்து அதைச் சரிசெய்தால், சிலருக்குப் புதிதாக முளைக்கும் முடி மறுபடி கறுப்பாக வருவதும் உண்டு. டை வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணெய் விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் முடிக்குப் பளபளப்பு தரும், வறட்சியைக் குறைக்கும். எண்ணெய் பூசிய முடி கொஞ்சம் கறுத்துத் தெரியவும் செய்யும். ஆனால், தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத இழை. அதற்குள் மெலனினை உண்டாக்க எந்த எண்ணெயாலும் முடியாது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் உண்மை இதுதான். 'ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும்' என்பதும் சரியில்லை. அந்த வேரிலிருந்து அதே ஒரு வெள்ளை முடிதான் வரும். அடிக்கடி பிடுங்கினால் வேர் புண்ணாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம்.

மருதாணியும் அவுரியும்

வீட்டில் செய்யக்கூடியவற்றில் என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. அது முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால், வெள்ளை முடியில் மருதாணியை மட்டும் போட்டால் ஆரஞ்சு நிறம்தான் வரும். தெருவுக்கு நாலு பேரை அப்படிப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் அவுரிப் பொடியைப் போட்டால், ஆரஞ்சும் நீலமும் சேர்ந்து கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். அவுரி என்பது துணிக்கு நீலச் சாயம் தரும் அதே செடி. 1917-ல் காந்தி சம்பாரணுக்குப் போனது இதைப் பயிரிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகளுக்காகத்தான். நம் பக்கத்தில் திண்டிவனம் வட்டாரத்தில் இது விளைகிறது.

தோள்வரை முடி இருந்தால் மருதாணிப் பொடி 100 கிராம், அவுரிப் பொடி 100 கிராம் போதும். முதல் நாள் இரவே மருதாணியை ஆறிய டீ டிகாக்ஷனில் இட்லி மாவு பதத்துக்குக் கலந்து மூடி வைத்துவிடுங்கள். முட்டை, தயிர், எண்ணெய் எல்லாம் சேர்த்தால் முடி மிருதுவாகும் என்பார்கள். ஆனால், சாயம் பிடிப்பது குறையும். நரையை மறைப்பதுதான் நோக்கம் என்றால் அவை வேண்டாம். மறுநாள், எண்ணெய்ப்பசை இல்லாமல் அலசிக் காயவைத்த தலையில் வேரிலிருந்து நுனிவரை பூசி, 2 மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

அடுத்தது அவுரி. பலர் கோட்டைவிடுவது இதில்தான். அவுரியை ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலந்து, 15 நிமிடத்துக்குள் தலையில் போட ஆரம்பித்துவிட வேண்டும். எலுமிச்சை, டீ எதுவும் இதில் சேரக் கூடாது. ஷவர் கேப் போட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து அலசினால், முதலில் பச்சையடித்தாற்போல் தெரியும். பயப்பட வேண்டாம். காற்று பட்டுப் பட்டு, இரண்டு நாட்களில் நிறம் கறுக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம். ஆக, ஞாயிற்றுக்கிழமை விசேஷம் என்றால் வியாழக்கிழமையே முடித்துவிடுங்கள். முதல் தடவை முழுசாகப் பிடிக்காவிட்டால், இன்னொரு முறை அவுரி மட்டும் போடலாம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும் என்பதால், பிறகு வேர்ப்பகுதிக்கு மட்டும் மாதம் ஒருமுறை போட்டால் போதும்.

பின்னாளில் பார்லரில் முடியை ப்ளீச் செய்து கலர் பண்ணும் ஆசை இருந்தால், அவுரி போட்டிருப்பதை அங்கே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பச்சை நிறம் எட்டிப் பார்க்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருதாணியே ஆகாது. ரத்த அணுக்கள் உடையக்கூடும்.

'ஹெர்பல்' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. அசல் மருதாணியால் அரை மணி நேரத்தில் கறுப்பு தரவே முடியாது. பாக்கெட்டில் மருதாணி இலைப் படம் இருந்து, உள்ளே கருநிறப் பொடி இருந்து, 'உடனடி கறுப்பு' என்றும் போட்டிருந்தால், அதில் பெரும்பாலும் பிபிடி இருக்கும். பாரா-ஃபீனைலின்டையமின் என்பது அதன் முழுப்பெயர். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'டையமின்' என்று எதாவது கண்ணில் படுகிறதா பாருங்கள். 'அம்மோனியா இல்லை' என்ற வாசகத்தை நம்பி ஏமாற வேண்டாம். அம்மோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம்.

பிபிடி எல்லோரையும் பாதிப்பதில்லை. லட்சக்கணக்கானவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போடுகிறார்கள். ஆனால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றி ஓரம், காது, கழுத்தில் அரிப்பும் கொப்புளமும் வரும். இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால், அது பொதுவாக ஆயுளுக்கும் நிற்கும். 'பத்து வருஷமா போடறேன், எனக்கென்ன?' என்றும் இருக்க முடியாது. பதினோராவது வருடத்திலும் அது தொடங்கலாம். திருவிழாக்களில் கையில் வரைந்துவிடும் கறுப்பு மருதாணி டாட்டூ ஒருமுறை அரித்துக் கொப்பளித்திருந்தால், நீங்கள் ஹேர் டை பக்கமே போகக் கூடாது.

எனவே, ஒவ்வொரு முறையும் பரிசோதனை அவசியம். கலந்த டையில் ஒரு துளியை முழங்கையின் உட்பக்கம் தடவி, 48 மணி நேரம் கவனியுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த டை உங்களுக்கு இல்லை. தலையில் போட்ட பிறகு எரிந்தால், பாக்கெட்டில் சொன்ன நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அலசுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேராக மருத்துவமனைக்குத்தான். டை பாக்கெட்டும் பாட்டிலும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விழுங்கிவிட்டால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகமும் கெடும். மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

நாளைக்கே விசேஷம் என்றால்?

48 மணி நேரம் இல்லையென்றால் டை வேண்டாம். தலைக்குக் குளித்தால் போய்விடும் ஹேர் மஸ்காரா, வேருக்குத் தடவும் ரூட் டச்-அப் பவுடர், ஸ்டிக் எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. நாலைந்து நரைக்கு அதுவே தாராளம். வியர்த்தால் கொஞ்சம் கரையும் என்பதால், வெளிர் நிற உடை போடும் நாளில் கழுத்துப் பக்கம் தடவாதீர்கள். வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்தாலே பாதி நரை மறைந்துவிடும். செலவே இல்லாத வழி இது.

ஆண்கள் பலர் தலைக்குக் கலந்த டையில் மிச்சத்தை மீசை, தாடிக்கும் இழுத்துவிடுகிறார்கள். முகத்துத் தோல் மென்மையானது. அரிப்பு சீக்கிரம் வரும். தாடிக்கென்று தனியாக விற்பதை வாங்கி, அதையும் சோதித்த பிறகே போடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் எந்த ஹேர் டையும் கூடாது, கண்பார்வையே பாதிக்கப்படலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நரைத்திருந்தால், 16 வயதுவரை கெமிக்கல் டையைத் தொடாமல், முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.