சிக்னல் லைற் எரியவில்லையா? நாமே பார்ப்போம்

அண்மையில் ஒரு மாலைப்பொழுது. வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். எமக்கு முன்னால் பெட்டி பூட்டிய பழைய உழவு இயந்திரம் ஒன்று மரக்கறி மூடைகளுடன் போனது. மண்டைதீவுச் சந்தியில் அது எந்தச் சைகையும் இல்லாமல் வலப்பக்கம் திரும்பியது. முந்திச் செல்ல முயன்ற மோட்டார் சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார்.

இறங்கிச் சென்று கேட்டோம். "நான் என்ன செய்யிறது ஐயா? மூண்டு தரம் குமிழ் மாத்தியாச்சு. எரியுதில்லை" என்றார் சாரதி. இடம்பெயர்ந்த வீட்டில் இருந்துகொண்டு, பகலில் தன் காணிக்கு வந்து தோட்டம் செய்பவர் அவர். குமிழில் பிழை இல்லை. விளக்கின் அடியில் ஏர்த் வயர் பூட்டிய ஆணி முழுவதும் கறள். சுரண்டித் துடைத்து இறுக்கியதும் லைற் மினுங்கத் தொடங்கியது. பத்து நிமிட வேலைக்கு மூன்று குமிழின் காசு வீணாகியிருந்தது.

தீவகத்தின் எதிரி உப்பு

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது பல வாகனங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. அக்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் கிடைக்காமல், எம்மவர் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அந்தக் கைத்திறன் எம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் உப்புக்காற்று ஓய்வதில்லை. பித்தளையில் பச்சைக் களிம்பும் இரும்பில் கறளும் பிடித்தால் மின்சாரம் ஓடாது. வாகனம் நெடுங்காலம் நின்றிருந்தால் எலி கடித்த வயரையும் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலில் கவனியுங்கள்

சாவியைத் திருப்பி, இடம், வலம் என இருபக்கமும் போட்டுப் பாருங்கள்.

1. இரண்டு பக்கமும் எரியவில்லை: பியூஸ், பிளாஷர், சுவிச் ஆகிய மூன்றில் ஒன்றில் பிழை இருக்கலாம்.

2. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: அந்தப் பக்கத்துக் குமிழ், வயர், ஏர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. ஒரு பக்கம் மட்டும் வேகம் மாறுகிறது அல்லது மினுங்காமல் நின்று எரிகிறது: அந்தப் பக்கத்தில் ஒரு குமிழ் போயிருக்கலாம்.

4. சிக்னல் போட மற்ற லைற்றும் சேர்ந்து மங்கலாக எரிகிறது: பெரும்பாலும் ஏர்த் பிழைதான்.

சோதிக்கும் முறை

12 வோல்ற் குமிழ் ஒன்றில் இரண்டு வயர்களைப் பூட்டினால் சோதனை விளக்குத் தயார். குமிழ் தாங்கிக்கு மின் வருகிறதா என்று அதனால் பாருங்கள். மின் வந்தும் நல்ல குமிழ் எரியாவிட்டால், குமிழ் தாங்கியிலிருந்து பற்றறியின் ஏர்த் முனைக்குத் தனி வயர் ஒன்றைத் தொடுங்கள். எரிந்தால் குற்றம் ஏர்த்தில். மண்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

உழவு இயந்திரப் பெட்டிக்குக் கொழுக்கி ஊசி மூலம் ஏர்த் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அங்கே கறளும் கிறீஸும் இருக்கும். ஏர்த்துக்குத் தனி வயர் இழுப்பதே நல்லது.

பழைய பிளாஷரின் உள்ளே மெல்லிய உலோகம் சூடாகி நீண்டு, ஆறிச் சுருங்குவதால்தான் லைற் மினுங்குகிறது. 21 வாற் குமிழ் இரண்டுக்குச் சுமார் மூன்றரை அம்பியர் ஓட வேண்டும். மின்னோட்டம் குறைந்தால் அது ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே இப்போது விற்கும் எல்.ஈ.டி. குமிழைப் பூட்டினால் மினுங்காமல் விடலாம். அதற்கேற்ற பிளாஷரும் வேண்டும். பிளாஷரைச் சோதிக்க, அதற்கு மின் வரும் வயரையும் சுவிச்சுக்குப் போகும் வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கள். சிக்னல் நின்று எரிந்தால் மாற்ற வேண்டியது பிளாஷர்.

எச்சரிக்கை

வயரில் கைவைக்க முன் பற்றறியின் ஏர்த் முனையைக் கழற்றுங்கள். சோதிக்கும்போது மட்டும் பூட்டுங்கள். மொறிஸ் மைனர், ஓஸ்ரின் ஏ 40 போன்ற பழைய கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் ஏர்த். பின்னர் மாற்றியும் இருக்கலாம். எனவே பார்த்து உறுதி செய்யுங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். வயர் எரிந்தால் வாகனமே போய்விடும்.

நெடுந்தீவில் உள்ளவர் ஒரு சாமானுக்குக் குறிகாட்டுவானுக்குக் கடல் தாண்ட வேண்டும். இரண்டு குமிழும் ஒரு பிளாஷரும் கையிருப்பில் வைத்திருப்பது புத்தி.

லைற் திருந்தும்வரை, வலப்பக்கம் திரும்ப முன் வலக்கையை நன்றாக வெளியே நீட்டுங்கள். ஆனால் இருட்டில் கை தெரியாது. பொழுதுபட முன் வீடு சேருங்கள். பெட்டியின் மேல் பெரும்பாலும் இருப்பது மூடைகள் மட்டுமல்ல, எமது பிள்ளைகளும்தான்.