எல்லையோரம் ஒரு வீடு – 6: வராத விமானத்துக்கு ஏன் காசு?

ஓசூரில் சைட் பார்க்கப் போகிறவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் ஏற்றிக்கொள்வார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் பாகலூர் ரோடு. வெள்ளையடித்த கற்கள் நட்ட செம்மண் பூமியில் இறக்கிவிட்டு, '30க்கு 40' சைட் ஒன்றைக் காட்டுவார்கள். அப்புறம் புரோக்கரின் கை உயரும். "அந்தப் பக்கம் ஏர்போர்ட் சார். இந்தப் பக்கம் மெட்ரோ. டாடா கம்பெனி பக்கம்தான். இன்னிக்கு டோக்கன் போட்டா இந்த ரேட். அடுத்த வாரம்னா என் கையில இல்ல."

அவர் சொன்ன மூன்றில் டாடா மட்டும்தான் இன்று தரையில் நிற்கிறது.

வாடகையா, சொந்த வீடா என்று போன வாரம் கணக்குப் போட்டோம். சொந்த வீடுதான் என்று முடிவு செய்தவர்கள் இந்தப் போட்டிச் சந்தையில் எப்படிக் கால் வைப்பது என்பது இந்த வாரம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூரில் இன்று கேட்கப்படும் விலைக்குள் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கிற ஊருக்கான விலை. மற்றது, வரப்போவதாகச் சொல்லப்படும் ஊருக்கான விலை. குடியிருக்க வாங்குகிறவர் முதலாவதை மட்டும் கொடுத்தால் போதும்.

ஏர்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம். நல்ல செய்திதான். ஆனால் பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 2008இல் அது திறக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய பன்னாட்டு விமான நிலையம் கூடாது. ஓசூர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. நிபந்தனை 2033 வரை உயிரோடு இருக்கும். பேசித் தளர்த்தினால் ஒழிய, முதல் விமானத்துக்கு முன்பே உங்கள் வீட்டுக்கடனில் பல வருடத் தவணை போயிருக்கும்.

மெட்ரோ கதையும் இதே மாதிரிதான். பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்தது, பொம்மசந்திராவோடு நிற்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல் புதிதாகப் பாதை போட வேண்டும். சாத்தியக்கூறு ஆய்வைச் சென்னை மெட்ரோ செய்தது. பெங்களூரு மெட்ரோ ஓடுவது 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தில். சென்னை மெட்ரோவுக்கோ 25,000 வோல்ட் மேல்கம்பி. இரண்டு மாநிலம், இரண்டு நிறுவனம், இரண்டு மின்முறை. இந்த முடிச்சு அவிழும் தேதியை எந்தப் புரோக்கராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஓசூருக்கு மதிப்பே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. சிப்காட் வந்த 1970களிலிருந்து இந்த ஊர் சம்பளத்தில் வளர்ந்த ஊர். 1980இல் அசோக் லேலண்ட், அதே ஆண்டில் டிவிஎஸ் 50, சில வருடங்களில் டைட்டன். இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா, குருபரப்பள்ளியில் டெல்டா. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஷிப்ட் பஸ் வந்து நிற்கிற தெரு, ஹாஸ்டல்கள் நிரம்பிய தெரு, பள்ளிக்கூடமும் மளிகைக்கடையும் இருக்கிற தெரு ஆகியவற்றில் வீட்டின் விலையை வாடகை தாங்கிப் பிடிக்கும். அந்த இடங்களில் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை. வெறும் செம்மண்ணுக்கு ஆகாயத்தைக் காட்டிக் கேட்கும்போதுதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏர்போர்ட் ஆசைக்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. விமான நிலையத்துக்கும் சிப்காட் விரிவாக்கத்துக்கும் நிலம் எடுப்பார்கள். உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் 2023இல் போராட்டத்தில் உட்கார்ந்தது சிப்காட் நில எடுப்பை எதிர்த்துத்தான். எடுக்கப்படும் பூமியில் நாளை உங்கள் சைட்டும் சிக்கலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களின் சராசரி, வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றில் எது அதிகமோ அதை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் கழுத்தைப் பிடிக்கும். 30 லட்சத்துக்கு வாங்கி, 12 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு, மீதியைப் பையில் வைத்துக் கொடுத்திருந்தால், அந்த 18 லட்சத்தை எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். பக்கத்து சைட்காரர்களும் அப்படியே செய்திருந்தால் எல்லோரும் சேர்ந்து எல்லோருடைய இழப்பீட்டையும் குறைத்ததாக அர்த்தம். போதாக்குறைக்கு, நிலப் பேரத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாக விதிக்க 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கியும் பத்திரத்தில் இருக்கிற விலைக்குத்தான் கடன் தரும். முழு வெள்ளையில் வாங்குவது தர்மம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த ஊரில் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இப்போது பணம். பலர் விலையோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். 60 லட்சத்துக்குக் கட்டி முடியாத ஃப்ளாட் ஒன்று பேசுகிறீர்கள் என்று வையுங்கள். 45 லட்சத்தைத் தாண்டியதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 3 லட்சம். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் சலுகை இருக்கிறது: 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7. ஆக, பத்திரச் செலவு 4.2 லட்சம். மொத்தம் 67.2 லட்சம். வங்கி 80 சதவீதமான 48 லட்சம்தான் தரும். பத்திரச் செலவை அது கணக்கில் எடுக்காது. உங்கள் கையிலிருந்து 19.2 லட்சம் போக வேண்டும். அதே தெருவில் பணிநிறைவுச் சான்று வாங்கி முடித்த ஃப்ளாட் ஒன்று 62 லட்சம் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி கிடையாது. 7 சதவீதம் 4.34 லட்சம். மொத்தம் 66.34 லட்சம், கையிலிருந்து 16.74 லட்சம். கட்டி முடியும்வரை கொடுக்கும் வாடகையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஓசூரில் 'ப்ரீ லாஞ்ச் ஆஃபர்' என்று வரும் பல பேரங்கள் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

அத்திப்பள்ளியில் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா. அங்கே 5 சதவீத முத்திரைத்தாள், அதன் மேல் செஸ், 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாக்கப்பட்ட பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 7.6 சதவீதம். நம் பக்கம் மனைக்கு 9. அதாவது 60 லட்சத்து மனை என்றால் அந்தப் பக்கம் பத்திரச் செலவு குறைவு. அதே விலையில் புது ஃப்ளாட் என்றால் இந்தப் பக்கம் குறைவு. எல்லையில் வீடு தேடுகிறவர் இரண்டு மாநிலக் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஆனால் வேலை ஓசூரில், ரேஷன் கார்டும் பிள்ளைகளின் தமிழ்வழிப் படிப்பும் இங்கே என்றால், ஒன்றரை சதவீதத்துக்காக எல்லை தாண்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது காகிதம். பட்டா என்ற ஏற்பாட்டுக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு. திப்புவிடமிருந்து 1792இல் ஆங்கிலேயருக்குக் கைமாறிய பாராமகால் சீமையில்தான் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையை முதலில் நடத்திப் பார்த்தார்கள். நிலத்தை அளந்து, உழுகிறவர் பெயரை எழுதி, வரியை நேராக அவரிடமே வாங்கும் முறை. எதற்காக எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்: வரிக்காக. இன்றைக்கும் பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். அது மட்டும் உரிமையை நிரூபிக்காது. பதிவு ஆகிவிட்டது என்பதும் அப்படித்தான். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சோதிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. "ரெஜிஸ்டர் ஆகுது சார், அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்டால் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேஅவுட் சைட் என்றால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. புரோஷரில் பச்சையாக வரைந்த பார்க்கைப் பார்க்காதீர்கள், ஈ.சி.யை, அதாவது வில்லங்கச் சான்றைப் பாருங்கள். டிடிசிபி அனுமதி முறையாக வாங்கிய லேஅவுட்டில் சாலைகளும், பெரிய லேஅவுட் என்றால் பூங்கா இடமும், உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரப்பட்டிருக்கும். அந்தப் பதிவு வில்லங்கத்தில் வரும். வரவில்லை என்றால் உங்கள் வீட்டு வாசல் ரோடு இன்னும் யாரோ ஒருவருடைய சொந்த நிலம். கூடவே புலப்படத்தை எடுத்துக்கொண்டு சைட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். படத்தில் ஓடை போகும் இடத்தில் தரையில் கல் நட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அனுமதியில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை போட்டது. பிறகு வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் வழி திறந்தது. அதற்குப் பின் வெட்டிய மனைக்கு 'அப்ரூவல் வந்துட்டிருக்கு' என்ற பதில் எதற்கும் உதவாது. தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத் தொடவே வேண்டாம். கர்நாடகப் பக்கத்திலும் அரசு வழங்கிய தலித் நிலங்களுக்கு 1978 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் விற்ற நிலம் மூலச் சொந்தக்காரருக்கே திரும்பிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. 2013இல் வந்த ஒகேனக்கல் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று புரோக்கரை அல்ல, எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்கள். தென்பெண்ணைப் பக்கம் 'ரிவர் வியூ' என்று விற்றால், மழைக்காலத்தில் ஒருமுறை கெலவரப்பள்ளி அணைக்குப் போய் பெங்களூருவின் கழிவு நுரையாகப் பொங்கி வருவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போட்டிக்கு வருகிறேன். பெங்களூரு சம்பளத்தோடு ஓசூர் சம்பளம் பணத்தில் மல்லுக்கு நிற்க முடியாது. தயார்நிலையில் நிற்கலாம். வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் முன்னமே கையில் இருக்கட்டும். பத்திரம் பார்க்கிற வக்கீலை வீடு பார்ப்பதற்கு முன் பிடித்து வையுங்கள். இந்த இரண்டும் இருப்பவர் ஒரு வாரத்தில் ஆம், இல்லை சொல்லிவிடலாம். விற்பவருக்கு அது பெரிய விஷயம். ஏர்போர்ட் செய்தி கேட்டு இரண்டு, மூன்று சைட் வாங்கிப் போட்டு இப்போது தவணை கட்ட முடியாமல் முழிக்கும் முதலீட்டாளர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். புது லேஅவுட் ஆபீஸில் ஏசியில் உட்காருவதை விட அவர்களைத் தேடுவது மேல். பேரத்துக்கு ஆடி மாதம் நல்லது. முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்கும் அளவுக்குக் கூட்டம் அலைமோதும். ஆடியில் பெரும்பாலான நாட்களில் அந்தக் கூட்டம் இராது. விலையை ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பதிவு செய்யுங்கள். டோக்கன் ரசீதில், 'லீகல் சரியில்லை என்றால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ரெரா பதிவுள்ள திட்டம் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் போடும்முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை.

தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் சென்ட் கணக்கில் விற்கும் 'ஃபார்ம் லேண்ட்' பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க 2020 வரை கர்நாடகாவில் தடை இருந்ததும், தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லாததும்தான் அந்த வியாபாரத்தின் வேர். அங்கே வீடு கட்ட முடியுமா, பொதுப்பாதை யாருடையது, யானை வழித்தடம் எங்கே போகிறது என்பதையெல்லாம் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்கு அட்வான்ஸ் கொடுக்கத் தேதி குறித்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.