சுவரைத் தாண்டும் பாட்டு

அடுப்படியில் அம்மாவின் பழைய ரேடியோ, மாடியில் அப்பாவுடையது. கைப்பேசியில் உள்ள பாட்டை இரண்டிலும் கேட்க வைக்க, சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் ‘2 கிலோமீட்டர் வரை கேட்கும்’ என்றிருந்தால் வாங்காதீர்கள். வீட்டுக்குள் கேட்கும் பாட்டு அவ்வளவு தூரம் போவானேன்?

பிரிட்டனில் இத்தகைய கருவியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2006 டிசம்பர் 8 முதல் அனுமதித்தார்கள். அதுவும் 50 நானோவாட் வரைதான். 1 வாட் கருவி அதைப்போல் 2 கோடி மடங்கு! நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்புக்கு மத்திய அரசின் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு வலையமைப்பு அமைத்தால், 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

பீகாரின் மன்சூர்பூரில் ஒரு ரேடியோ மெக்கானிக் 50 ரூபாய்ச் செலவில் கருவி செய்து, பாட்டோடு போலியோ, எய்ட்ஸ் விழிப்புணர்வுச் செய்திகளையும் ஒலிபரப்பினார். ஊரே கொண்டாடிய அந்த வானொலி, அனுமதியில்லை என்பதால் 2006-ல் நிறுத்தப்பட்டது. என் மனசு அந்த மனிதர் பக்கம்தான். ஆனாலும் சட்டத்தின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. எஃப்.எம். வரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது; அதை ஒட்டியே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. சரியான வடிகட்டி இல்லாத மலிவான கருவி, தன் இடத்தில் நிற்காமல் அங்கேயும் சிதறும்.

அப்படியானால் அம்மாவுக்குப் பாட்டு? ஆக்ஸ் துளை உள்ள ரேடியோ என்றால் சின்ன புளூடூத் ரிசீவர் போதும். துளை இல்லாத டிரான்சிஸ்டருக்கு, நல்ல மெக்கானிக் ஒருவர் ஆக்ஸ் வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார். எஃப்.எம். அலைவரிசையைத் தொடவே வேண்டாம்.

ஊருக்கே ஒலிபரப்ப வேண்டுமா? சமுதாய வானொலி உரிமம் தனி ஆளுக்குக் கிடைக்காது. கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் மையங்கள் விண்ணப்பிக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். அப்படித்தான் 2004 பிப்ரவரி 1-ல் ஒலிக்கத் தொடங்கியது.

டிரான்ஸ்மிட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அதில் நீண்ட கம்பியை ஆன்டெனாவாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். இன்றைக்கே அணைத்து வைத்துவிடுங்கள்.