பல்லு உடம்புல சேத்தி இல்லையா?

அண்ணாச்சி டீயை இடதுபக்க வாயால் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். வலதுபக்கக் கடைவாயில் புதுக் கேப். இனி எதை வேண்டுமானாலும் கடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனாலும் 11,200 ரூபாய் கொடுத்துப் போட்ட பல்லில் சூடு படக் கூடாது என்பது அவர் கட்சி.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ஒருகாலத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் நிராகரிப்புக் கடிதங்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். அண்ணாச்சியும் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து பெஞ்சில் விரித்தார்.

“வருஷம் முப்பத்திரண்டாயிரம் பிரீமியம் கட்டுதேன் தம்பி. அஞ்சு லட்சத்துக்குப் பாலிசி. பதினோராயிரத்துக்கு இல்லைங்கான். பல்லு உடம்புல சேத்தி இல்லையோ?”

முப்பத்திரண்டு பல்லுக்கு முப்பத்திரண்டாயிரம், பல்லுக்கு ஆயிரம் என்று கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பில்லை வாங்கிப் பார்த்தேன். ரூட் கெனால் 4,500, கேப் 6,000, எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் சேர்த்து 700. கடிதத்தில் காரணம் இரண்டு. ஒன்று, நீங்கள் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. இரண்டு, விபத்தால் வராத பல் சிகிச்சை இந்தப் பாலிசியில் சேராது. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். மீதிக் கோபத்துக்கு நியாயம் உண்டு.

நாம் ‘ஹெல்த் இன்சூரன்ஸ்’ என்று வாங்குவது உண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்தால் தருகிற காப்பீடு. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வருகிற ஓபி வைத்தியம் அதற்குள் வராது. “கண் ஆபரேஷனுக்கு என் சம்சாரம் காலையில போயி சாயங்காலம் வந்துட்டாளே, அதுக்குக் குடுத்தானே?” என்றார் அண்ணாச்சி. நல்ல கேள்வி. கண்புரை ஆபரேஷனுக்கு ஒருகாலத்தில் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். தொழில்நுட்பம் வளர்ந்ததால்தான் அரை நாளில் அனுப்புகிறார்கள். முன்பு படுக்க வேண்டியிருந்து இப்போது படுக்க வேண்டாத சிகிச்சைக்கு ‘டே கேர்’ என்று பெயர். அதற்குப் பணம் உண்டு. பல்லை அடைக்கவோ பிடுங்கவோ எந்தக் காலத்திலும் பொதுவாக யாரும் கட்டிலில் படுத்ததில்லை. நாற்காலியில் சாய்ந்ததோடு சரி. அந்த நாற்காலிக்குப் பாலிசியில் இடமில்லை.

அது விதி. ஏன் அப்படி வைத்தார்கள் என்பதை மளிகைக்காரருக்கு விளங்கவைப்பது சுலபம். பஜாரில் நூறு கடை இருக்கிறது, வருஷத்தில் ஒரு கடை தீப்பிடிக்கலாம். ஆளுக்கு ஆயிரம் போட்டால் எரிந்தவருக்கு ஒரு லட்சம் கிடைக்கும். யார் கடை என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் போடுகிறார்கள். இப்போது நூறு கடையில் எண்பது கடை கண்டிப்பாக எரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆயிரம் போதுமா? பல் அந்த ரகம். 2002-03-ல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 35 முதல் 44 வயதுக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேருக்குச் சொத்தை இருந்தது. காப்பீட்டுக்காரன் விபத்துக்குத்தான் பயப்படாமல் பணம் வைப்பான், நிச்சயமாக வரப்போகும் செலவுக்கு வைக்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. மாரடைப்பை யாரும் தள்ளிப்போட முடியாது. பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடலாம். கிராம்பைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் சமாளித்து, பாலிசி எடுத்து, ரூட் கெனால் செய்து, கேப்பும் போட்டுக்கொண்டு அடுத்த வருஷம் பாலிசியை விட்டுவிடலாம். அண்ணாச்சிக்கு இது சட்டென்று பிடிபட்டது. “திருப்பித் தர முடியாதவன்தான் கடன் நோட்டு கேட்டு முதல்ல வருவான்” என்றார். கிளெய்ம் பிரிவில் எனக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “சைக்கிள்ல இருந்து விழுந்தேன்னு எழுதிக் கேட்டா?” என்றார். வேண்டாம். எக்ஸ்ரேயில் சொத்தை சொத்தையாகத்தான் தெரியும். பொய்க் கிளெய்ம் என்று ஆகிவிட்டால் மொத்தப் பாலிசியையும் ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. 11,200-க்காக ஐந்து லட்சத்தைப் பணயம் வைக்கிற வியாபாரம் உங்கள் கடையில் நடக்குமா என்றேன்.

ஆனால் உண்மையிலேயே வண்டியிலிருந்து விழுந்து தாடை உடைந்தாலோ, பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தாலோ பொதுவாகப் பணம் உண்டு. அதைக் கேட்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘பல் என்றாலே கிடையாது’ என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று வந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில் நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சையும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். ஐந்து லட்ச ரூபாய் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இதே வழிதான்: வாய்ப் புற்றுநோய்க்கும் தாடை அறுவைக்கும் உதவும், சொத்தைப் பல்லை அடைக்க உதவாது. (வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காப்பீட்டு யோசனையெல்லாம் அப்புறம், முதலில் காட்டிவிடுங்கள்.)

“ஏஜெண்ட் போன் போட்டு, ஓபி சேத்து ஒரு பாலிசி இருக்கு, பல்லுக்கும் தருவோம்ங்கானே?” இருக்கிறது. ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு, அதற்காகக் கூடுதலாகக் கட்டுவது 4,000, வருஷத்துக்கு அதிகபட்சம் தருவது 5,000 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் செய்வது காப்பீடு இல்லை. உங்கள் பணத்தை அவர்களிடம் கொடுத்துவைத்து பில் காட்டி வாங்கிக்கொள்கிறீர்கள். தள்ளு கிடைக்காத சீட்டு. அதிலும் காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்த டாக்டரிடம் போகலாம், கேப் சேருமா என்று பார்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் சுருக்கத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது விதி. தமிழில் கேட்டு வாங்கலாம். அதில் ‘எவை சேராது’ என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது.

பல்லுக்கென்றே தனிக் காப்பீடு வைத்திருக்கிற அமெரிக்காவிலும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. 1954-ல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தங்கள் பிள்ளைகளின் பல்லுக்காகக் கேட்டு வாங்கிய திட்டம்தான் அங்கே அதற்கு வித்து. இன்றும் பல திட்டங்கள் வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலரோடு கையை விரித்துவிடும். முதியோருக்காக 1965-ல் சட்டமான மெடிகேர் வழக்கமான பல் வைத்தியத்தை வெளியே தள்ளியே வைத்தது. 2007-ல் மேரிலாண்டில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறி இறந்துபோனான். நேரத்தில் பிடுங்கியிருந்தால் 80 டாலர். அங்கிருந்து விடுமுறைக்கு வருகிற நம்மவர்கள் சென்னையில் இறங்கியதும் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது சும்மா இல்லை.

இந்த இடத்தில் அண்ணாச்சி தன் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். தீப்பெட்டி அளவு பிலிம். டீக்கடை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். வெள்ளையாகப் பல், அதன் தலையில் எலி கடித்த மாதிரி ஒரு கறுப்பு, அந்தக் கறுப்பு நடுவில் இருக்கிற கோட்டைத் தொட்டுவிட்டது. அந்தக் கோடுதான் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழ். மேலே இருக்கிற எனாமலுக்கு உணர்ச்சியே கிடையாது. அங்கே சொத்தை தொடங்கினால் ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்குக்கு வந்தால் ஐஸ் வாட்டர் கூசும். கூழைத் தொட்டால்தான் இரவுத் தூக்கம் போகும். எனாமலில் இருக்கும்போது சில நூறு ரூபாயில் அடைத்திருக்கலாம். கூழைத் தொட்ட பின் விலை 11,200. வலிக்கிற வரைக்கும் காத்திருப்பது மற்ற நோய்க்கு ஒருவேளை சரிவரலாம், பல்லில் அது மிகவும் செலவான பழக்கம்.

“இது தெரியும் தம்பி. ஐந்நூறு ரூவா வேலைக்கும் டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு பயம்.” அந்தப் பயம் நிஜம். அதற்குத்தான் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் தொடங்கியது. காலையில் போய் ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வெளியூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. சிதம்பரத்தில் அரசு பல் கல்லூரி இருக்கிறது, 2023-ல் புதுக்கோட்டையிலும் வந்துவிட்டது. அடுத்து, யாரும் நினைத்துப் பார்க்காத தனியார் பல் கல்லூரிகள். அங்கே படிக்கிற பிள்ளைகள் இத்தனை பல் அடைத்தோம், இத்தனை பிடுங்கினோம் என்று கணக்குக் காட்டினால்தான் பாஸ். நோயாளி அவர்களுக்கு வேண்டும். அதனால் கட்டணம் வெளியே கேட்பதில் ஒரு பகுதிதான். மாணவர் கை மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்த பிறகே அடுத்தது. வெளியே அரை மணியில் முடிகிற வேலைக்கு அரை நாள் ஆகும். நான் என் பல்லை அடைத்துக்கொண்டது அப்படி ஒரு கல்லூரியில்தான். அடைத்த பெண்ணுக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது. பதினோரு வருஷமாக அந்த அடைப்பு விழவில்லை.

“இன்னொரு வாசலும் இருக்கு. உங்க மகனுக்குச் சம்பளச் சீட்டு இருக்குமே, காட்டச் சொல்லுங்க” என்றேன். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார், சம்பளம் 18,000. போனில் படம் வந்தது. தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐக்குப் பிடித்தம் 135 ரூபாய். சம்பளத்தில் 0.75 சதவீதம். கம்பெனி 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்டுகிறது. ஆக மாதம் 720 ரூபாய் அந்தக் குடும்பத்தின் பேரில் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே நாம் பேசிய காப்பீடுகளில், ஓபி சேர்த்து விற்கிற பாலிசியை விட்டால், பல் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லாதது ஈஎஸ்ஐ ஒன்றுதான். மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்து. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் வருஷக்கணக்கில் பிடித்தம் கொடுத்துவிட்டு அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருப்பது தெரியாமல், முக்குக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாள் லீவு போகும். இருந்தாலும் நம் காசு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பல்லைக் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் ஒப்படைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூற்றுக்கு எண்பது பேருக்கு வருவதை அரசு தன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க வேண்டும், ஊசி போடுகிற மாதிரி, பிரஷர் பார்க்கிற மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே ஃப்ளோரைடு பற்பசையையும் பல் அடைக்கும் சிமெண்டையும் சேர்த்துவிட்டது. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்: பல் உடம்பில் சேத்திதான், பாலிசியில்தான் சேத்தி இல்லை.

டீக்குக் காசு கொடுக்கப் போனபோது அவருடைய பேரன் பள்ளிவிட்டு வந்தான். ஏழு வயது. வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன். பால்பற்களுக்குப் பின்னால், கடைசியாக, பெரிய கடைவாய்ப் பல் ஒன்று நிற்கிறது. குழியில் சின்னக் கறுப்புக் கோடு.

“பால்பல்லுதானே தம்பி, விழுந்து முளைக்கும்” என்றார் அண்ணாச்சி.

விழாது. ஆறு வயது வாக்கில் எந்தப் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல் அது. அதனால்தான் எல்லோரும் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுசுக்கும் அது ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் ஆறேழு வயதில் பிள்ளை இருந்தால் இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு.