நாய்ப் படத்தை நம்பாதீர்கள், தகட்டைப் படியுங்கள்

திரியாயில் ஒரு வீட்டில் பழைய கிராமபோன் மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். 1980களில் வீடு வளவைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிய ஊர் இது. காணி உறுதியையே பலரால் காப்பாற்ற முடியவில்லை. அப்படியிருந்தும் எப்படியோ தப்பிய அப்பப்பாவின் பாட்டுப்பெட்டியை, வெடிச்சத்தம் ஓய்ந்த இந்தக் காலத்தில் நம் சனம் கைநழுவ விடுகிறது. ஒருவர் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் நிறுத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் வெளியூர் வியாபாரி வாசலில் நின்று சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுக்கிறார். லண்டனில் இருக்கும் மகன் கேட்டான் என்று கடதாசி எதுவுமில்லாமல் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை கொண்டுபோய், சுங்கத்தில் பறிகொடுத்து வருபவரும் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. கிரிஹண்டு சேய விகாரையைச் சுற்றிய காணிப் பிரச்சினையால் ‘தொல்பொருள்’ என்ற சொல்லே இங்கே வயிற்றைக் கலக்குகிறது. தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்றால், “வேண்டாம் தம்பி, பெட்டியைப் பார்க்க வந்து வளவையும் கேட்பாங்கள்” என்கிறார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் கிராமபோன் விடயத்தில் அது தேவையற்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்று கொள்வது கிராமபோனுக்கு வெகு முந்திய காலத்துப் பொருட்களை. எடிசன் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்ட முதல் கருவியைச் செய்ததே 1877இல்தான். தட்டு சுழலும் கிராமபோனுக்கு பெர்லினர் காப்புரிமை பெற்றது 1887இல். ஆகவே அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. அதற்கும் உங்கள் காணிக்கும் சம்பந்தமும் இல்லை. பெட்டி நாட்டை விட்டு வெளியே போகும்போதுதான் அந்தத் திணைக்களத்தின் கடதாசி தேவைப்படும்.

முதலில் பெட்டியின் வயதை அறிய வேண்டும். எச்.எம்.வி. சின்னமான நாய்ப் படத்தைப் பார்த்தவுடன் “நூறு வருசத்துக்கு மேல்” என்று முடிவு கட்டாதீர்கள். ஓவியர் பராட் வரைந்த அந்தப் படத்தை கிராமபோன் கம்பனி 1899இல் வாங்கியது உண்மைதான். ஆனால் அதே நாய் 1950களில் வந்த பெட்டிகளிலும் இருக்கிறது. பெட்டியின் உலோகத் தகட்டில் காப்புரிமை ஆண்டு இருந்தால் அதையும் செய்த ஆண்டு என்று கொள்ளக்கூடாது. பெட்டி அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே அது காட்டும். கூட இருக்கும் இசைத்தட்டுகளும் அப்படித்தான். 1933இல் மறைந்த பாடகர் கிட்டப்பாவின் தட்டு உள்ளே இருந்தால், அந்த வீட்டார் கிட்டப்பாவைக் கேட்டார்கள் என்று தெரியும். பெட்டியின் பிறந்த வருசம் அதில் இல்லை.

தேட வேண்டியது மாதிரி எண்ணை. நம் பக்கத்தில் அகப்படும் பெட்டிகளில் பல, கைப்பிடியோடு சூட்கேஸ் போலத் தூக்கிச் செல்லும் எச்.எம்.வி. வகை. மூடியைத் திறந்து, மூடியின் உட்புறத்திலும் தட்டு சுழலும் பலகையின் ஓரங்களிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிறிய உலோகத் தகடொன்றில் எண் இருக்கும். 101 என்றால் 1925க்கும் 1931க்கும் இடைப்பட்டது. 102 என்றால் 1931இல் தொடங்கி 1950களின் இறுதிவரை வந்தது. எண்ணோடு ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தையும், தொடர் இலக்கத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊசி பொருந்தும் வட்டத் தலை. உள்ளங்கைக்குள் அடங்கும் அதை சவுண்ட்பொக்ஸ் என்பார்கள். முகப்பில் ‘எக்சிபிஷன்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1920களின் தொடக்கத்துக்கு முந்திய தலை. ‘நம்பர் 4’ என்றால் 101இன் காலம். நடுவில் கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும் மைக்கா ஏடு தெரியும். ‘5பி’ என்றால் 102இன் காலம், ஏடு அலுமினியம். ஆனால் தலை கழற்றி மாட்டக்கூடியது. உடைந்ததும் வேறொன்றைப் பொருத்திப் பாட்டுக் கேட்ட வீடுகள் ஏராளம். தகடும் தலையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தகட்டை நம்புங்கள். விற்ற கடை உள்ளே ஒட்டிய சிட்டை கிடைத்தால் அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

பளபளவென்ற பித்தளைக் குழலும் எண்கோணப் பெட்டியும் புத்தம்புது நாய்த் தகடுமாக ஒன்று உங்களிடம் இருந்தால், ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் சுற்றுலாச் சந்தைக்காகச் செய்யப்படும் போலிகளின் அடையாளம் அது. சூட்கேஸ் வகைப் பெட்டியின் மோட்டரைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் வைத்து, மேலே குழலை மாட்டிவிடுவார்கள். உள்ளே பழைய மோட்டர் ஓடுவதால் ஏமாறுவது சுலபம்.

வயது தெரியும்வரை எதையும் துலக்க வேண்டாம். பிராசோ போட்டுத் தேய்த்தால் தகட்டின் எழுத்தும் பூச்சும் போய்விடும். ஸ்பிரிட்டால் இசைத்தட்டைத் துடைக்கவே கூடாது. 78 வேகத் தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பழைய ஊசியை அப்படியே வைத்துப் போட்டுப் பார்ப்பதும் தட்டைக் கிழிக்கும். இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், மோட்டரின் ஸ்பிரிங் உருளையை வீட்டில் திறக்காதீர்கள். சாவி கொடுத்தபடி இறுகிக் கிடக்கும் உருக்குச் சுருள் விடுபட்டால் விரலை வெட்டிவிடும்.

இனிக் கடதாசி வேலை. இதில்தான் நம்மவர் சோம்பல்படுகிறார்கள். முதலில் படம் எடுங்கள்: பெட்டி முழுதாக, மூடி திறந்தபடி, தகட்டின் எண் வாசிக்கத் தெளிவாக, தலையின் முகப்பு, கீறல் வெடிப்பு இருந்தால் அதுவும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். பிறகு ஒரு சத்தியக் கடதாசி. பெட்டி யாருடையது, யார் வழியாக உங்களுக்கு வந்தது, மாதிரி எண், தொடர் இலக்கம் ஆகியவற்றை எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிடுங்கள். சகோதரர்கள் இருந்தால் அவர்களின் சம்மதக் கையொப்பத்தையும் வாங்குங்கள். அப்பாவின் பொருளில் எல்லோருக்கும் பங்குண்டு; விற்ற பிறகு வரும் சண்டைதான் குடும்பத்தைப் பிரிக்கிறது. கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றும் பெற்று, எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்திருங்கள். பெட்டி களவு போனால் பொலிசில் முறைப்பாடு எழுதும்போது, தொடர் இலக்கம் இல்லாத முறைப்பாட்டால் ஒரு பயனும் இல்லை.

வெளிநாடு அனுப்புவதென்றால் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுதுங்கள். முகவரி: சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தை, கொழும்பு 07. இங்கே 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் குறுக்கே வரும். அதன் வரையறை கல்லோடும் சிலையோடும் நிற்பதில்லை. கடிதத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொருளுக்கு ஏற்றுமதி உரிமம் தேவை என்றால் அதைத் தாருங்கள், தேவையில்லை என்றால் அதை எழுத்தில் தாருங்கள். “அதெல்லாம் தேவையில்லை, கொண்டு போங்கோ” என்று தொலைபேசியில் சொன்னதைச் சுங்க அதிகாரியிடம் காட்ட முடியாது. மீண்டும் சொல்கிறேன், எழுத்தில் வாங்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

இடம்பெயர்ந்து இந்தியாவில் இருந்த காலத்தில் வாங்கிய பெட்டி சென்னையில் உறவினர் வீட்டில் இருக்கிறதென்றால் கவனம். அங்குள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்யவே முடியாது. இப்போது 1925க்கு முந்திய பெட்டிகள் அந்த வரம்பைத் தொட்டுவிட்டன. வயதைத் தகட்டில் பார்த்து உறுதிசெய்யாமல் கப்பலேற்றாதீர்கள்.

கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் படிவமோ பதிலோ வந்தால், விளங்காத இடத்தில் ஒப்பமிட்டு அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. அதை அதிகாரிகள் சலுகை போல நடத்துவது வெட்கக்கேடு. தமிழில் தாருங்கள் என்று திருப்பி எழுதுங்கள், தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள்: “என் கடிதம் எந்தக் கோப்பில், யாருடைய மேசையில் இருக்கிறது?” தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் இலக்கத்தை அந்த விண்ணப்பத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். கடிதம் வந்து சேரவில்லை என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.