பஞ்சம் தீர்த்த கிழங்கு!

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் போகிறீர்களா? சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் நுழையுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேளுங்கள். ஆவி பறக்க வரும்! மீனுக்குக் குளச்சல் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

கிழங்கோ தென் அமெரிக்காவில் பிறந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் விசாகம் திருநாள் மன்னர். இதைப் பயிரிடும்படி மக்களைத் தூண்டியவர் அவரே. அப்போது கருங்கலும் திருவிதாங்கூரில்தான் இருந்தது.

1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எங்கும் பஞ்சம்! அப்போது பல ஏழைகளின் உயிரைக் காத்தது இந்தக் கிழங்குதான்.

பச்சையாகத் தின்னாதீர்கள். அதில் நஞ்சு உண்டு. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும்.

அன்று பசிக்குத் தின்றார்கள். இன்று ருசிக்குத் தின்கிறார்கள்!